அளவு ஜாக்கெட்

1

இந்த வாரம் என் அக்காவுக்கு வருஷம் திரும்புகிறது. கடத்தூரிலிருந்து உள்ளே போகும் எங்கள் ஊரில் மாமாவும் அக்கா மகள் கௌசல்யாவும் படையல் போடுகிறார்கள். நான் ஜெர்மனியின் வடக்கில், கடைத்தெரு என்று ஒன்றே ஒன்று உள்ள ஒரு சின்ன ஊரில், யாரோ ஒருவருடைய பேண்ட் காலை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். சாவுக்குத்தான் போக முடியவில்லை, திவசத்துக்காவது போகலாம் என்று லீவு கேட்டேன். கடைக்கார அம்மா துருக்கியிலிருந்து வந்தவர். நல்லவர்தான். ஆனால் கோடை தொடங்கினால் இங்கே கல்யாணங்கள் வரிசை கட்டும், கடையில் அவரை விட்டால் தைக்கிற கை என்னுடையது மட்டும். அடுத்த மாதம் போய்விட்டு வா என்றார். திவசத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட முடியாது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை.

அக்கா இருந்திருந்தால் என்னை இதை எழுத விட்டிருக்க மாட்டாள். கௌசல்யாதான் எழுதச் சொன்னாள். அவள் பெயர் கௌசல்யா இல்லை. இதில் வருகிற யார் பெயரும் அவரவர் பெயர் இல்லை.

தையல் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையில் ஆளையே ஸ்டூல் மேல் நிற்க வைத்து, குண்டூசி குத்தி, டேப் பிடித்து அளவெடுக்கிறோம். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் உடம்பில் டேப் வைக்கிற பேச்சே கிடையாது. ஒழுங்காகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத்துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். கொஞ்சம் சதை போட்டிருந்தால் இரண்டு பக்கமும் அரை இஞ்சு விட்டுடு என்பார்கள், அவ்வளவுதான். கல்யாணமாகி நான் விமானம் ஏறியபோது அக்காவின் அளவு ஜாக்கெட் ஒன்றும் என் பெட்டியில் ஏறியது. பச்சை நிறம், அக்குளில் வெளுத்தது.

2

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்த ஆணும் இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான்தான். பொங்கல் சீர் என்று பிறந்த வீட்டிலிருந்து ஏதாவது வராவிட்டால், எத்தனை வயதானாலும், எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு முகம் சுண்டிப்போகும். அதனால் வருஷா வருஷம் ஒரு சேலையும் நானே தைத்த ஜாக்கெட்டும் அனுப்புவேன். போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்து அளவெடுத்தாற்போல இருக்கிறது என்பாள். அளவெடுத்துத்தானே தைத்தேன் என்று நான் சொல்ல, அவள் சிரிப்பாள். எத்தனையோ பொங்கலாக எங்களுக்குள் இந்த ஒரே பேச்சு சலிக்காமல் ஓடியது.

குரோஷா பின்னல் இங்கே வந்து கற்றது. முதல் பனிக்காலத்தில் பகல் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கணவர் தொழிற்சாலையிலிருந்து வரும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவாலயத்துப் பின்னால் ஒரு கூடத்தில் வாரம் ஒருமுறை பெண்கள் கூடிப் பின்னுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேச வராத மொழியோடு போய் உட்கார்ந்தேன். இங்க்ரிட் என்று ஒரு பெரியம்மா என் விரலைப் பிடித்து ஊசியில் நூலை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. தர்மபுரி வெயிலில் வெந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்குக் கம்பளிச் சால்வையும் குல்லாவுமாக அனுப்பித் தள்ளினேன். அக்காவும் மாமாவும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மார்கழியில் விடியக்காலையில் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது மாமா அந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்புவார்.

என் பிள்ளைகளுக்குப் பின்னியதை அவர்கள் போட்டுக்கொண்டது பாலர் பள்ளியோடு முடிந்துவிட்டது. மகள் நிலா இப்போது வேறு நகரத்தில் படிக்கிறாள். அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு போர்வை பின்னிக் கொடுத்தேன். போய்ப் பார்த்தபோது அவளோடு தங்கியிருக்கும் பெண்ணின் பூனை அதில் படுத்திருந்தது. பூனைக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அம்மா என்று சந்தோஷமாகச் சொன்னாள். மகனுக்குத் தமிழ் புரியும், பதில் ஜெர்மனில் வரும். கோபம் வந்தால் எனக்கு ஜெர்மன் போய்விடும், அவனுக்குத் தமிழ் போய்விடும். வீட்டில் பெரிய சண்டைகள் வராமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஜெர்மனில் எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே விஷயம் 'நீங்கள்' என்பதற்கான மரியாதைச் சொல். நாங்கள் கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிற ஊர்க்காரர்கள். இங்கேயும் எல்லோருக்கும் மரியாதையையே போட்டேன், கடைக்கு வந்த மூன்று வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து. அது பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

3

அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று மாமா போனில் சொன்னபோது நான் பெரிதாகக் கலங்கவில்லை. எங்கள் பக்கம் நாற்பதைத் தாண்டிய பெண்களில் பாதிப் பேருக்கு அதை எடுத்திருப்பார்கள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது, தேறி வருகிறாள் என்றார். சில மாதம் கழித்து வீடியோவில் அக்கா மொட்டைத் தலையோடு வந்தாள். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டேன், போய் முடி கொடுத்துவிட்டு வந்தேன் என்றாள். கன்னத்தில் சதை இல்லை. அதையும் கேட்டேன். மொட்டை போட்டால் எல்லோருக்கும் முகம் அப்படித்தான் தெரியும் என்று மாமா பின்னாலிருந்து சொன்னார். நான் நம்பினேன். நம்புவதற்கு எனக்கும் வசதியாக இருந்தது.

அப்புறம் கௌசல்யாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். என் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்று புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. புதுப் பாஸ்போர்ட் வந்தால்தான் இங்கே தங்கும் அட்டையைப் புதுப்பிப்பார்கள். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. வெளிநாட்டவருக்கான அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், உங்கள் மகளின் கல்யாணமா என்று கேட்டார். என் அக்கா மகள், அவளும் எனக்கு மகள்தான் என்றேன். அந்த உறவு அவசரப் பயணத்துக்கான காரணங்களில் வராது என்று கனிவாகவே சொல்லிவிட்டார்.

போக முடியாது என்று சொல்ல அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஜாக்கெட்டைப் பற்றிப் பேசினாள். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் வைத்த பட்டுச்சேலை எடுத்திருக்கிறாள். போன தடவை நான் ஊரிலிருந்து கொண்டுவந்த அரக்குப் பட்டுத்துணி தைக்காமல் கிடந்தது. அதையே தைத்து அனுப்புகிறேன் என்றேன்.

"அளவு ஜாக்கெட்டு உன்னுட்ட இருக்குதில்ல பாப்பா?"

"பத்திரமா இருக்குது."

"அதே அளவுதான். இடது பக்கம் மட்டும் டாட்டு புடிக்காத. தட்டையா வுட்டுடு."

ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் மார்புக்கு இடம் கிடைப்பதற்காகத் துணியை உள்ளே மடித்துத் தைப்பதுதான் டாட். அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வராவிட்டால் கடையில் துணியைத் திருப்பி முகத்தில் எறிவார்கள். ஒரு பக்கம் மட்டும் வேண்டாம் என்று எந்தப் பெண்ணும் எந்தத் தையல்காரியிடமும் சும்மா சொல்ல மாட்டாள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கையிலிருந்த போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கர்ப்பப்பை என்றது, புற்று வந்த இடது மார்பை எடுத்ததைத்தான். மொட்டை என்றது மருந்து ஏற்றி முடி கொட்டியதால். கொட்டி முடிவதற்குள் திருப்பதிக்குப் போய் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வீட்டில் மாமாவுக்கும் கௌசல்யாவுக்கும் மட்டும் தெரியும். எனக்குச் சொல்லாததற்கு, நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று காரணம் சொன்னாள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்று பின்வாங்கிவிடுவார்கள் என்பது அவளுடைய பெரிய பயம். அதற்காகவே கடத்தூர் டைலரிடம் போகவில்லை.

அதுவரை கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். கம்பைநல்லூரில் ஒரு காதுகுத்துக்குப் போய், தட்டு வைக்கக் குனிந்து நிமிர்ந்தபோது அது மேலே ஏறிக் கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, அத்தை உங்க கர்ச்சீப் வெளிய வருது என்று சொல்லியிருக்கிறாள். அன்றோடு எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திவிட்டாள். மகள் கல்யாணத்திலும் மணவறைக்கு வரப்போவதில்லை என்றாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று உள்ளறையில் படுத்துக்கொள்வாளாம். மாமாவின் தங்கச்சியை நிற்க வைத்துத் தாரை வார்த்துக்கொள்ளட்டுமாம்.

"பெத்தவ நீ உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி எதுக்கு நிக்கணும்? ரெண்டு பக்கமும் டாட்டு புடிச்சுத்தான் தெப்பேன். மிச்சத்த எங்கிட்ட வுடு" என்றேன். எப்படிச் செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

4

இங்க்ரிட் அம்மாவுக்கு வழி தெரிந்திருந்தது. மார்பு எடுத்த பெண்களுக்காகப் பருத்தி நூலில் குரோஷா பின்னி, உள்ளே பஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் இங்கே இருக்கிறது. கூடத்தில் எனக்கு எதிரேயே உட்கார்ந்து அவர் பலமுறை அதைப் பின்னியிருக்கிறார். நான் அதைக் குழந்தைக் குல்லா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வளையம் போட்டு, சுற்றச் சுற்றக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம் போலக் குழிய ஆரம்பிக்கும். எந்தச் சுற்றில் நிறுத்துவது என்பதில்தான் அளவு இருக்கிறது. ஆளைப் பார்க்காமல் எப்படி அளவு தெரியும் என்று இங்க்ரிட் அம்மா கேட்டார்.

பையிலிருந்து பச்சை ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் விரித்தேன். இடது முன்பக்கத்தைக் காட்டி, இதற்குள் அடங்க வேண்டும் என்றேன். அக்காவின் இடது மார்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த அத்தாட்சி அந்தப் பழைய துணி மட்டும்தான். பின்னுவேன், ஜாக்கெட்டுக்குள் வைத்துப் பார்ப்பேன், பிரிப்பேன். வலது பக்கத்தில் ஒரு துண்டைத் திணித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் கணவர் ஒருநாள் அறைக்குள் வந்தவர் மேஜையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரக்கடைசியில் நிலா வந்திருந்தாள். அவளிடம் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே உரிய தமிழில் கேட்டாள்.

"பெரியம்மா ஏன்மா ஒளிக்கணும்? அவங்க ஒண்ணும் தப்பு பண்ணலியே. இங்க நீச்சல்குளத்துல நான் பார்த்திருக்கேன். யாரும் ஒளிக்க மாட்டாங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு எங்கள் ஊர் தெரியுமா, ஒரு தெருவில் இருந்துகொண்டு வாழ்வது என்றால் என்னவென்று தெரியுமா என்று கத்தினேன். எப்போது உன் பெரியம்மாவுக்குக் கடைசியாகப் போன் செய்தாய் என்றும் கேட்டேன். அவள் கண்ணீரோடு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். அவள் கேட்டது அவமரியாதை இல்லை.

பார்சல் அனுப்பப் போனபோது உள்ளே என்ன என்று எழுதச் சொன்னார்கள். ஜாக்கெட் என்று எழுதினேன். இன்னொன்று என்ன என்று தபால் ஊழியர் கேட்டார். எனக்கு அந்தப் பொருளுக்கு எந்த மொழியிலும் பெயர் தெரியவில்லை. கையால் உருண்டையாகக் காட்டினேன். பொம்மையா என்றார், ஆமாம் என்றேன். ஊரில் பெட்டியை வாங்கிய மாமா, மேலே எழுதியிருந்ததைக் கல்யாண வேலைக்கு வந்திருந்த யாரையோ படிக்க வைத்துக் கேட்டுவிட்டு, யாருக்குடி பொம்மை வந்திருக்கிறது என்று கூடத்தில் வைத்துக் கேட்டாராம். பேரன் பிறந்தால் வேண்டும் என்று முன்கூட்டியே அனுப்பிவிட்டாள் என்று அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறாள்.

5

போட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் எடையே இல்லை, ஒரு தோள் மட்டும் மேலே தூக்கிக்கொள்கிறது என்றாள். கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் ஜாக்கெட்டும் கூடவே எழும்பியது. கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருந்தது. இன்னொன்று பின்னி அனுப்ப வழியில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள். பின்பக்கத்தில் தையலைப் பிரித்து, பஞ்சில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, இரண்டு பிடி கேழ்வரகைப் போட்டுத் தைத்துவிட்டாளாம். தராசில் வைத்தாற்போல இப்போது சரியாக நிற்கிறதாம்.

"வேத்து ஈரம் பட்டுச்சுன்னா மொளச்சுடப் போவுது பாப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன்.

கல்யாணத்தை வீடியோவில் பார்த்தேன். எனக்கு அதிகாலை, பனி கொட்டிக்கொண்டிருந்தது, கணவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். போனைப் பிடித்திருந்தவர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் காட்டிக்கொண்டிருந்தார். நான் அக்காவையே தேடினேன். அவள் மணவறையில் நின்றாள். தோள் வரை வளர்ந்திருந்த முடியில் சவுரி வைத்துப் பின்னிப் பூ வைத்திருந்தாள். தாரை வார்க்கும்போது குனிந்தாள், இரண்டு கையையும் நீட்டினாள், நிமிர்ந்தாள். எதுவும் நகரவில்லை. சேலையை இழுத்துக்கூட விடவில்லை. என் வாழ்க்கையில் நான் தைத்ததிலும் பின்னியதிலும் உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

6

அடுத்த சித்திரையில் போக முடிந்தது. அதற்குள் நோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டிருந்தது. இந்த முறை யாரும் மறைக்கவில்லை. மறைக்க அவர்களுக்குத் தெம்பு இல்லை. ஆனால் தெருவுக்கு இன்னமும் அது முதுகுவலிதான். அக்கா படுத்தே இருந்தாள். யாராவது பார்க்க வருகிற சத்தம் கேட்டால், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த கௌசல்யா ஓடிப்போய் நான் பின்னியதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். வலியில் முனகிக்கொண்டிருக்கும்போதும் அக்கா அதற்காக ஒருக்களித்துக் கொடுப்பாள். பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலாவிடம் கத்தியது எல்லாம் நினைவுக்கு வந்தது. போகட்டும் விடு அக்கா, தெரிந்தால் தெரியட்டுமே என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிடுவ. கௌசல்யா இங்கயே பொழைக்கணும்" என்றாள்.

அன்று மத்தியானம் உடம்பு துடைத்துவிடும்போது ஜாக்கெட்டை அவளே விலக்கினாள். பார்த்துக்கோ என்றாள். பார்த்தேன். எலும்பின் மேல் தோலை இழுத்துத் தைத்திருந்தார்கள். தழும்பு அக்குள் வரை கோணலாகப் போயிருந்தது. நான் ஈரத்துணியால் துடைத்தேன். தையல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மோசமாகத்தான் தைத்திருக்கிறார்கள் என்றேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

லீவு முடிந்து திரும்பினேன். நான் வேலைக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வாரம் அவள் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் வெயில் நாளில் பிணத்தை ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார்கள். நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாலையில் எடுத்துவிடுவோம் என்று மாமா சொல்லிவிட்டார். பூவும் பொட்டுமாகப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். பெரியப்பா மகன் ஒருவர் கடத்தூரில் வாங்கிக்கொண்டு போய், என் பேரைச் சொல்லிப் போர்த்தினார். நான் போனில் அதைப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவே கால்கள் மட்டும் தெரிந்தன. அதற்கு முன்னால் குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தபோது, போனை எடுத்துக்கொண்டு எல்லோரும் விலகிவிட்டார்கள். என் மனதுக்குள் அப்போது துக்கத்தை விட, தெரிந்துவிடப் போகிறதே என்ற பயம்தான் இருந்தது. இத்தனை காலம் அவள் பட்ட பாடு எல்லாம் அந்த மறைப்புக்குள் முடியப்போகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் யாருமில்லாமல் சமையலறையில் நின்றிருந்தேன்.

அங்கே நடந்ததைக் கௌசல்யா பிறகு சொன்னாள். குளிப்பாட்ட நான்கைந்து பேர் முன்வந்திருக்கிறார்கள். எதிர் வீட்டு மல்லிகா என்கிற பெண், எல்லோரும் எதுக்கு, நானும் பொண்ணும் போதும் என்று மற்றவர்களை வெளியே திரும்பி நின்று சேலையைப் பிடிக்கச் சொல்லிவிட்டாராம். ஜாக்கெட்டின் கொக்கியை அவிழ்த்தபோது நான் பின்னியது கழன்று அவர் கையில் விழுந்தது. கௌசல்யா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். நனையாமல் இருக்கத் தன் மடியில் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். துடைத்து, கல்யாணத்துக்கு நான் தைத்த அரக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, மடியிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்துக் கொக்கியை மாட்டினார். மறுநாள் முதல் கௌசல்யா தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். யார் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. மல்லிகா யாரிடமும் சொல்லவில்லை.

7

நேற்று படையல் முடிந்தது. கௌசல்யா வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினாள். அக்காவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நான் சேலை எடுக்கப் பணம் அனுப்பியிருந்தேன், அந்தச் சேலை இலைக்கு முன்னால் மடித்து வைத்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மல்லிகாக்கா உன்னுட்ட பேசணும்னு கேக்கறாங்க சின்னம்மா என்று சொல்லி, கௌசல்யா போனைக் கொடுத்தாள்.

அவரோடு நான் சரியாகப் பேசியதுகூட இல்லை. ஐம்பதைத் தாண்டியிருக்கும். போனை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார். மாட்டுக் கொட்டாய்க்குள் போனதும் படத்தை அணைத்துவிட்டார், குரல் மட்டும் வந்தது. அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டியதற்கு நான் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"உங்கக்காவுக்கு வெச்சிருந்தது நீங்க பின்னுனதுன்னு பொண்ணு சொல்லிச்சுங்க."

ஆமாம் என்றேன்.

"ஒரு வருசமா கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேனுங்க. எனக்கு வலது பக்கம்."

மாடு ஒன்று கழுத்தை உதறுகிற சத்தம் கேட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். அக்காவுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே என்றார். வீட்டுக்காரருக்குத் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பை எடுத்தது என்று சொல்லிவிட்டார்களாம். அக்காவுக்கும் அதே ஆபரேஷன் என்று கேள்விப்பட்டபோது, நிஜமாகவே அதுதான் போலிருக்கிறது, கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டாராம்.

இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான் இருக்கும். இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். எனக்கு அக்காமேல் கோபம் வந்தது, இந்தப் பெண்மேல் கோபம் வந்தது, ஊர்மேல் வந்தது. அளவுக்கு ஒரு ஜாக்கெட் கௌசல்யாவிடம் கொடுங்கள், ஊருக்கு வந்து போகிற யாராவது எடுத்து வருவார்கள் என்றேன். சரிங்க என்றார். நூல் என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டேன்.

"எதுனாலும் சரிதானுங்க" என்றார். "ஆரு பாக்கப் போறாங்க."